இரண்டு நொடிக்கு மேல் போகாத கரண்ட்

முப்பது வருடத்துக்கும் மேலாக, அடுத்தவர் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். அந்த அடுத்தவரும் பெரும்பாலும் பக்கத்து மேஜைக்காரராகத்தான் இருப்பார். மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஒரு கரண்டி பொரியல் வைத்தவராக இருப்பார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அவர் மூன்று மாதம் உட்கார்ந்து செய்ததை எப்படி உடைக்கலாம் என்று யோசிப்பேன்.

சிப்பு என்று நாம் சொல்கிற அந்தச் சின்னக் கறுப்புத் துண்டு, முதலில் கணினியில் வரிவரியாக எழுதப்படுகிறது. இந்தப் பட்டனை அழுத்தினால் இந்த மோட்டார் ஓட வேண்டும், அந்தக் கம்பி அறுந்தால் நிற்க வேண்டும் என்று எல்லாமே எழுத்து. எழுதுகிறவர் டிசைனர். அந்த எழுத்து சிலிக்கனாக வார்க்கப்பட்டு வந்துவிட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஆகவே வார்ப்பதற்கு அனுப்பும் முன்பு, சொன்னபடி அது நடக்கிறதா என்று கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். அதற்குப் பெயர் வெரிஃபிகேஷன். அதைத்தான் செய்தேன்.

இந்த வருடம் ஓய்வு பெற்றேன். நான் விட்ட நாற்காலியில் இப்போது இருக்கிற திவ்யா போன மாதம் போன் செய்தாள். நாங்கள் மாதக்கணக்கில் எழுதிய சோதனைகளை இப்போது ஒரு செயலி, காப்பி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்கள், முன்பெல்லாம் இதைக் கையால் எழுதினீர்களா என்று கேட்கிறார்களாம். "அந்தக் கதைய நீங்களே எழுதிக் குடுத்துருங்கக்கா, நாங்க படிச்சுக்கறோம்" என்றாள். அந்தச் செயலி வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கழுத்து எலும்பு தேய்வதற்கு முன்பே வந்திருக்கலாம். எழுத உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு வரிதான். நான் எழுதிய வரி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா வெள்ளகோவிலில், பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற ஒரு சைசிங் மில்லில் ஃபோர்மேன். கோயமுத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். சில வருடம் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை, அப்புறம் கல்யாணம், பெங்களூர். அங்கேதான் வெரிஃபிகேஷனுக்கு என்றே தனி மொழிகள் இருப்பது தெரிந்தது. நான் முதலில் கற்ற மொழியின் பெயர் ஒற்றை எழுத்து: ஈ. அம்மாவிடம் போனில் சொன்னேன். "இவ்வளவு படிச்சுப்போட்டு ஈ ஓட்டறியா கண்ணு" என்று கேட்டாள். பிறகு வேறு மொழிகள் வந்தன, சிஸ்டம் வெரிலாக் வந்தது. வீட்டில் என் வேலைக்குப் பெயர் கடைசிவரை ஈ ஓட்டுவதுதான்.

மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் நாங்கள் திருப்பூருக்குக் குடிவந்தோம். பனியன் ஊரில் சிப்புக்கு என்ன வேலை, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது ஒருவர் வீரபாண்டியில் ஒரு ஆபீஸைச் சொல்லி அனுப்பினார். கீழே லேபிளும் பட்டனும் விற்கிற குடோன். மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர். முதலாளி தங்கவேல் சின்ன வயதில் தானே நிட்டிங் மிஷின் ஓட்டியவர். பிறகு மிஷின் போர்டுகளை ரிப்பேர் செய்யும் கடை வைத்து, அதிலிருந்து சொந்தமாகப் போர்டு செய்ய ஆரம்பித்து, நான் போன சமயத்தில் துணி பின்னும் வட்ட மிஷின்களுக்கான கட்டுப்பாட்டு சிப்பையே வடிவமைக்கும் ஆசையில் இருந்தார். பெங்களூரில் நான் வேலை பார்த்த சிப்புகள் எங்கே போய் என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே ஜன்னலைத் திறந்தால் அந்த மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

வெரிஃபிகேஷனுக்குத் தலைவர் செல்வின் சார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர், வேலைக்காக முப்பது வயதில் திருப்பூருக்கு வந்து தங்கிவிட்டவர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பட்டன் போட்டுத்தான் வருவார். யாருடைய கீபோர்டையும் தொடமாட்டார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். நாம் திரையைக் காட்டி, இந்தச் சிக்னல் ஒன்றாகிறது சார், அந்தச் சிக்னல் பூஜ்யமாகிறது சார் என்று ஆரம்பித்தால் கையை உயர்த்துவார். "சிக்னல் பேரு வேண்டாம். மிஷின்ல என்ன நடக்குன்னு சொல்லுங்க" என்பார். அதைச் சொல்ல முடியாவிட்டால் நமக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பிப் போய்விடுவார். கோபமாகப் போகமாட்டார், அடுத்த மேஜைக்குப் போவார்.

சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எப்படித் தெரியும்?" சோதித்தேன் என்றால், சோதிக்க வேண்டியதைத்தான் சோதித்தோம் என்று எப்படித் தெரியும் என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னால்கூட என் வாயில் அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

அவர் வைத்திருந்த முறைகள் சில. சிப்பு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாளை டிசைனரும் நாங்களும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும். படித்து முடிக்கும் வரை ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அவருடைய தப்பான புரிதல் எனக்கும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இரண்டு பேரும் ஒரே தப்பைச் சரி என்று சொல்வோம். படித்த பிறகு, அந்தத் தாளை மட்டும் வைத்து நான் என் பக்கத்தில் ஒரு மாதிரியை எழுதுவேன். டிசைனர் எழுதிய சிப்புக்கும் என் மாதிரிக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எங்கே மாறுகிறதோ அங்கே இரண்டு பேரில் ஒருவர் தப்பு.

உள்ளீட்டை யார் கொடுப்பது? நாம் நினைத்ததை மட்டும் கொடுத்தால், நாம் நினைக்காதது தப்பித்துவிடும். அதனால் எந்த அளவுக்குள் எதுவெல்லாம் நடக்கலாம் என்ற எல்லையை மட்டும் நாங்கள் எழுதுவோம். அந்த எல்லைக்குள் கணினி தானே தாறுமாறாக ஆயிரக்கணக்கான சூழ்நிலைகளை உண்டாக்கி ஓட்டும். நூல் அறுவது, பட்டனை இரண்டு தடவை அழுத்துவது, ஊசி உடைவது எல்லாம் எந்த வரிசையிலும் வரும். இந்தத் தனி மொழிகளின் பலமே அதுதான். ஆனால் எல்லையை எழுதுவது மனுஷர். எல்லைக்கு வெளியே இருப்பதை அந்தக் கணினி ஒருநாளும் கேட்காது.

எங்கள் முதல் சிப்பு அந்த வட்ட மிஷினுக்கானது. டிசைனர் செந்தில், என்னைவிடப் பத்து வயது இளையவர், காங்கயத்துக்காரர். கெட்டிக்காரர். வட்ட மிஷினில் மேலே ஊசிகள் சுற்றித் துணி பின்னும், கீழே அந்தத் துணியைச் சுருட்டுகிற ரோல் ஒரு பெரிய இரும்புச் சட்டத்தோடு சேர்ந்து சுற்றும். அதைச் சுற்றிக் கம்பி வலைக் கேட் உண்டு. கேட்டைத் திறந்தால் மிஷின் நிற்க வேண்டும். மூடிய பிறகும், ஆள் வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும்.

இதில் ஒரே ஒரு விலக்கு. நம் ஊரில் கரண்ட் கண் சிமிட்டுவதுபோல் ஒரு கணம் போய்விட்டு வரும். அதற்கெல்லாம் மிஷின் நின்றால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும், அந்தத் துணியை யாரும் எடுக்கமாட்டார்கள். ஆகவே, கரண்ட் கால் நொடிக்குள் வந்துவிட்டால் மிஷின் பட்டனுக்குக் காத்திருக்காமல் தானே தொடரலாம், அதற்கு மேல் போனால் காத்திருக்க வேண்டும். கரண்ட் எவ்வளவு நேரம் போனது என்று எண்ணுவதற்குச் சிப்புக்குள் ஒரு கவுண்டர். கரண்ட் இல்லாத நேரத்திலும் அது மட்டும் ஒரு சின்ன பேட்டரியில் ஓடும்.

கணினிக்குள் ஒரு நொடியை ஓட்டிப் பார்க்கவே மணிக்கணக்காகும். அதனால் நான் ஒரு எல்லை வரி எழுதினேன்: கரண்ட் போவது இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம். கால் நொடிதானே முக்கியம், அதற்கு இரண்டு பக்கமும் பார்த்தால் போதும் என்று நியாயமாகத்தான் பட்டது. இதுபோன்ற வரிகள் நாற்பதுக்கு மேல். எல்லாவற்றையும் காரணத்தோடு பட்டியல் போட்டு முடிவுத்தாளோடு இணைக்க வேண்டும் என்பது செல்வின் சார் வைத்த முறை. இணைத்தேன். எட்டு மாத வேலை. எடுத்துக்கொண்ட சூழ்நிலை அத்தனையும் ஓடிவிட்டது என்று திரை முழுக்கப் பச்சையாகக் காட்டியது. நான் கையெழுத்துப் போட்டேன். பார்வையிட்டவர் என்ற இடத்தில் சார் போட்டார். வார்ப்பு ஆலையில் எங்களுக்கு அடுத்த வாரம் இடம் கிடைத்திருந்தது. கீழே குடோன்காரர்கள் வரை லட்டுக் கொடுத்தோம்.

அந்த இடைப்பட்ட நாட்களில் எனக்கு வேலையில்லை. மிஷினோடு கொடுக்கும் புத்தகத்தில் பேனல் விளக்குகளின் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். பக்கத்துத் தெரு நிட்டிங் கம்பெனியில் எங்கள் மாதிரி போர்டு ஒரு மிஷினில் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. சிப்பில் வரப்போகிற அதே எழுத்துதான் அந்தப் போர்டிலும். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த மிஷினை ஓட்டியவர் மனோஜ், பீகாரிலிருந்து வந்தவர், நாற்பதை நெருங்கும் வயது. விளக்குகளை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அன்றைக்கு ஜெனரேட்டர் பழுது. ஷெட் முழுவதும் ஒரேயடியாக அமைதியானது. மனோஜ் தோளில் கிடந்த துணியை எடுத்தார், செல்போன் டார்ச்சைப் போட்டார், கேட்டைத் திறந்து தோள் வரை உள்ளே போய்க் குனிந்து, ரோல் சட்டத்தில் அப்பியிருந்த பஞ்சை வழிக்க ஆரம்பித்தார்.

இப்போது எதற்கு உள்ளே போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்: "கரண்ட் இல்லே மேடம். இப்பதான் சேஃப்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஷெட்டில் மற்ற மிஷின்களிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. கரண்ட் போகும் நேரம்தான் அவர்களுக்குச் சுத்தம் செய்யும் நேரம். எனக்கு நோட்டில் அடுத்த விளக்கின் பெயரை எழுத வரவில்லை. என் சோதனைகளில் கரண்ட் இல்லாதபோது யாரும் கேட்டைத் திறந்ததில்லை. என் சோதனைகளில் கரண்ட் இரண்டு நொடிக்கு மேல் போனதும் இல்லை. இங்கே நான் நின்றிருக்கும்போதே பத்து நிமிஷமாகிவிட்டது.

ஆபீஸுக்கு வந்து அந்த இரண்டு நொடி வரியை நீக்கினேன். நிமிஷக் கணக்கில் ஓட்ட முடியாது என்பதால், கவுண்டரை அதன் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கினேன். கரண்ட் இல்லாதபோது கேட் திறக்கலாம் என்றும் சேர்த்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்பு வரி.

பைக் மீட்டர் ஒன்பதெல்லாம் முடிந்து மறுபடி சைபருக்கு வருமே, அந்தக் கவுண்டரும் அப்படித்தான். நாலு நிமிஷம் இருபத்திரண்டு நொடி ஆனதும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது. அந்தக் கணத்தில் கரண்ட் திரும்பினால், இப்போதுதானே போனது என்று நினைத்து மிஷின் பட்டனுக்குக் காத்திருக்காமல் ஓடும். கேட் திறந்திருப்பதாவது தடுக்க வேண்டாமா? கேட்டின் சுவிட்சு அதிர்வில் ஆடும் என்பதால், அதன் செய்தியைச் சிப்பு கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் நம்பும். அதுவரை மூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சட்டம் ஒரு சாண் தூரம் திரும்பிவிடும். பிறகு நின்றுவிடும்.

செல்வின் சாரிடம் போனேன். மிஷினில் என்ன நடக்கிறது என்று, சிக்னல் பெயர் இல்லாமல், அவர் கேட்காமலே சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"ஆளு எங்க நிக்காரு?"

"உள்ள இருக்காருங்க சார். குனிஞ்சுட்டு."

எழுந்துவிட்டார். "மொதல்ல அந்த மிஷினை நிப்பாட்டச் சொல்லுங்க. மத்ததெல்லாம் பொறவு."

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடு நினைக்கிறேன். அடுத்த வாரம் போகவேண்டிய சிப்பைப் பற்றியே என் கவலை இருந்தது. அந்தப் போர்டு இந்த நிமிஷம் ஒரு மனுஷனுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிட்டிங் கம்பெனிக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் எடுத்தார். பாதி ரோல் ஓடியிருக்கிறது, முடியட்டும் என்றார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மனோஜை வெளியே வரச்சொல்லுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன். அவர் போய் இறக்கிவிட்டு வந்து சொல்லும்வரை செல்வின் சார் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

செந்திலிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. இது ஆயிரம் தடவை கரண்ட் போனால் ஒரு தடவை நடக்கலாம், அதுவும் அந்தக் கால் நொடிக்குள் ஆள் உள்ளே இருக்க வேண்டும், கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகு இப்போது வந்து சொன்னால் எப்படி என்றார். நம் ஊரில் எத்தனை மிஷின், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகிறது என்று நான் கேட்டேன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். பாதியில் பேனாவை மூடிவிட்டார்.

முதலாளி அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். வார்ப்பு ஆலையில் கிடைத்த அந்த இடத்தை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மிஷின் செய்கிற இரண்டு கம்பெனிகள் எங்கள் சிப்பை நம்பிக் காத்திருந்தன. கரண்ட் இல்லாதபோது கேட்டைத் திறக்காதீர்கள் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இந்த முறை அனுப்பிவிடலாம், அடுத்த சிப்பில் சரிசெய்யலாம் என்று செந்தில் சொல்லிப் பார்த்தார்.

"எந்த பாஷைலீங்க ஒட்டறது?" என்றார் முதலாளி. கேலியாகக் கேட்கவில்லை. தமிழ், இந்தி, ஒரியா, பெங்காலி என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங் மல்லிகா, நெசமாலுமே கையை உள்ள உடறாங்களா?"

"ஆமாங்க. நானே பாத்தனுங்க. தோள் வரைக்கும் உள்ள போறாங்க."

"நானும் அப்படித்தானுங்க போவேன்" என்றார். மேஜையில் இருந்த நாள்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டு மாதம் எப்படி இது தெரியாமல் போனது என்று கேட்டார்.

நான் என் வரியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நொடி என்று எல்லை போட்டது நான், முடித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்ததும் நான், அந்தக் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதைவிட, இனி என் பேச்சை இந்த ஆபீஸில் யார் நம்புவார்கள் என்பது பெரிதாக இருந்தது.

அப்போது செல்வின் சார் சொன்னார்: "அந்த லிஸ்ட்டுக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்குல்லா. மல்லிகா ஒருத்தி தப்பு இல்ல இது."

அதோடு முடிந்தது. முதலாளி வார்ப்பு ஆலைக்குத் தானே போன் செய்து இடத்தை விட்டுக்கொடுத்தார். காத்திருந்த கம்பெனிகளில் ஒன்று விலகிப்போனது. அவர் அதை எங்களிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. வேறு ஆள்மூலம்தான் எனக்குத் தெரியவந்தது.

செந்தில் திருத்தத்தை ஒரே நாளில் எழுதிவிட்டார். கவுண்டர் கடைசி எண்ணில் நின்றுவிடும், சுற்றி வராது. கேட்டும், மூடியிருக்கிறது என்று உறுதியாகும் வரை திறந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். எனக்குத்தான் மாதங்கள் பிடித்தன. நாற்பத்துச் சொச்சம் வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது மிஷினின் எல்லையா, என் வசதிக்கான எல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். பதினோரு வரிகள் என் வசதிக்காக எழுதியவை. அவற்றைத் தளர்த்தியதில் இன்னும் ஒரு தப்பு அகப்பட்டது, யாருக்கும் காயம் தராத சின்னத் தப்பு. செந்தில் அதுவரை மூன்று வாரம் தனியாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டாவது தப்பைச் சொல்லப் போன அன்றைக்கு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "இன்னும் இருந்தாச் சொல்லிப்போடுங்கக்கா, எல்லாத்துக்கும் ஒட்டுக்காத் திட்டிக்கறேன்" என்றார். கத்திரிக்காய்ப் பொரியல் வைத்தார்.

சிப்பு வந்ததும் அதே நிட்டிங் கம்பெனியில் அதே மிஷினில் பொருத்தினோம். கேட்டைத் திறந்து உள்ளே ஒரு மரச்சட்டத்தை நீட்டி வைத்து, மெயினை இறக்கி, போனில் நேரம் பார்த்து, சரியாக நாலு நிமிஷம் இருபத்திரண்டாவது நொடியில் ஏற்றினோம். விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுற்றியது, மிஷின் அசையவில்லை. அப்படி அறுபது தடவை. நின்றுகொண்டிருக்கிற மிஷினை ஏன் இத்தனை பேர் உற்றுப் பார்க்கிறார்கள் என்று மனோஜுக்குப் புரியவில்லை. சூப்பர்வைசர் இந்தியில் விளக்கினார். முன்பு இருந்த போர்டில் அந்தக் கோளாறு இருந்ததா என்று மனோஜ் என்னிடம் கேட்டார். இருந்தது என்றேன். அவர் திரும்பி வெளியே போனார். கோபமாகத்தான் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பல சிப்புகள், பல தப்புகள். செல்வின் சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றதும், செய்யாமல் விட்ட ஒரு காரியம் இருப்பதாகத் தோன்றியது. திவ்யா போன் செய்த மறுவாரம் திருச்செந்தூர் பஸ் ஏறினேன்.

வீட்டு முன்னால் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கும்போதும் முழுக்கைச் சட்டைதான். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் ஆபீஸ் கதையெல்லாம் பேசிவிட்டு நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அன்றைக்கு முதலாளிக்கு முன்னால் என் பழியில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், அந்த ஒரு வார்த்தையால்தான் நான் இத்தனை வருடம் அங்கே தலைநிமிர்ந்து வேலை பார்த்தேன், ஒருநாளும் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஒங்களக் காப்பாத்தச் சொன்னேன்னா நெனச்சிய?"

ஆமாங்க சார் என்றேன்.

"அந்த லிஸ்ட்ட நான் வாசிக்கவே இல்ல, மல்லிகா. மொதப் பக்கம் பாத்தேன். நீங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த வரி ரெண்டாம் பக்கத்துல இருந்திச்சி. ஒங்கள நம்பிட்டேன். நம்புறதுக்கா எனக்குச் சம்பளம் குடுத்தாவ?"

எல்லாரிடமும் எப்படித் தெரியும் என்று கேட்ட மனிதர், அந்த ஒரு தடவை என்னிடம் கேட்கவில்லை. முதலாளிக்கு முன்னால் அவர் சொன்னதை நான் பெருந்தன்மை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி என்னோடு போயிருக்கும். பஸ்ஸில் வரும்போது மனதில் கட்டிவைத்திருந்த நன்றி குறைந்துவிடும் என்று ஒரு கணம் பயந்தேன். குறையவில்லை. அந்த மனிதரை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன் என்றுதான் இருந்தது.

அவரே பேச்சை மாற்றினார். இப்போது சோதனைகளை மிஷினே எழுதுகிறதாமே என்றார். ஆமாம், எல்லைகளையும் அதுவே போட்டுக் காரணமும் எழுதிக் கொடுத்துவிடுகிறதாம், படித்தால் நம்மைவிட அழகாக இருக்கிறதாம் என்றேன்.

"அத இப்ப ஆரு வாசிக்கா?"

திவ்யாவும் செந்திலும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று சொன்னேன். ஒருவர் சத்தமாக ஒரு வரியைப் படிப்பார், மற்றவர் அது ஏன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் அந்த வரி நீக்கப்படும். இரண்டு நாளாகிறது, புதிதாக வந்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்றேன்.

"எல்லாப் பக்கமுமா?"

"எல்லாப் பக்கமுமுங்க சார்."

தலையாட்டினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மல்லிகா இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவாவ, இலை போடு என்று மனைவியிடம் சொன்னார்.